மெமோரியல் டே முதலில் எங்கே தொடங்கியது?

போரில் இறந்த படைவீரர்களை நினைவுகூரும் அமெரிக்க விடுமுறை நாளான மெமோரியல் டே பற்றி நீங்கள் கேட்டது, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு ஊரின் பெயர்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளின் பள்ளித் தாளில் "மெமோரியல் டே பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூ, 1866" என்று இருக்கிறது. உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியோ, அதற்கு ஒரு வருடம் முன்பே சார்ல்ஸ்டன் நகரில் விடுதலையடைந்த கறுப்பின மக்கள்தான் அதைத் தொடங்கினார்கள், வெள்ளைக்காரர்கள் அதை மறைத்துவிட்டார்கள் என்கிறது. எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்குப் பொதுமக்கள் பெருந்திரளாகக் கூடி மலர் தூவியது முதலில் எங்கே என்பது ஒன்று. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை விடுகிறார்களே, அந்த வழக்கம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு சார்ல்ஸ்டன் மிக வலுவான பதில். இரண்டாவதற்கு அது பதிலில்லை. வாட்டர்லூ, என் கணிப்பில், இரண்டுக்குமே பதிலில்லை.

நான் எம்.ஏ. வரலாறு மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்றுத் தாளைப் பல வருடம் நடத்தியவன். எங்கள் பாடத்திட்டத்தில் "உள்நாட்டுப் போருக்கான காரணங்களை விவரி, 15 மதிப்பெண்" என்பதோடு போர் முடிந்துவிடும். பிணங்களை யார் புதைத்தார்கள் என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஆனால் சான்றுகளை எடை போடுவது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர இந்த விடுமுறையின் கதையைப் போல வசதியான உதாரணம் எனக்கு வேறு கிடைத்ததில்லை. அமெரிக்காவில் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட ஊர்கள் "நாங்கள்தான் முதல்" என்று உரிமை கொண்டாடுகின்றன. அவற்றைச் சலிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்த நிகழ்ச்சி நடந்த வாரத்திலேயே யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா, அல்லது முப்பது நாற்பது வருடம் கழித்து யாரோ நினைவிலிருந்து சொன்னதா? இதைக் கேட்டாலே பாதி ஊர்கள் உதிர்ந்துவிடும்.

முதலில் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த வழக்கம் ஏன் தெற்கில் ஒரு விதமாகவும் வடக்கில் இன்னொரு விதமாகவும் முளைத்தது என்பது புரியாது. பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்கு அரசாங்கத்துக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் இறந்தவர்கள் சுமார் 6,20,000 பேர் என்றுதான் நெடுங்காலமாகப் பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. 2011-ல் டேவிட் ஹேக்கர் என்ற ஆய்வாளர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு, அது ஏழரை லட்சத்தை நெருங்கும் என்று வாதிட்டார். இன்று பலர் அவர் எண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள். குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அதிகம். போர் முடிந்தபோது பெரும்பாலான உடல்கள் விழுந்த இடத்திலேயே, அரையடி மண்ணுக்குக் கீழே, பெயர்ப்பலகை இல்லாமல் கிடந்தன. வடக்கு அரசாங்கம் தன் சிப்பாய்களைத் தேடித் தோண்டி எடுத்து, ஏறக்குறைய மூன்று லட்சம் உடல்களைத் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் மறுபடி புதைத்தது. தோற்றுப்போன தெற்கின் சிப்பாய்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. அந்த வேலையைத் தெற்கில் பெண்கள் சங்கம் அமைத்துத் தாங்களே செய்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, சார்ல்ஸ்டனுக்கு வருவோம். தென் கரோலினாவின் இந்தத் துறைமுக நகரில்தான் போரின் முதல் குண்டு வெடித்தது. நகரத்துப் பணக்காரத் தோட்ட முதலாளிகள் குதிரை ஓடவிட்டுப் பந்தயம் கட்டிய வாஷிங்டன் ரேஸ் கோர்ஸ் என்ற திடலை, போரின் கடைசி வருடத்தில் தெற்குப் படை திறந்தவெளிச் சிறையாக மாற்றியது. கூரை கிடையாது. அங்கே அடைக்கப்பட்ட வடக்குப் போர்க் கைதிகளில் குறைந்தது 257 பேர் நோயிலும் வெயில் மழையிலும் கிடந்து செத்தார்கள். பார்வையாளர் மேடைக்குப் பின்னால் அவசரமாகக் குழி தோண்டி அவர்களைப் போட்டு மூடினார்கள். 1865 பிப்ரவரியில் தெற்குப் படை நகரைக் கைவிட்டுப் போனது. வசதியுள்ள வெள்ளையர்களில் பெரும்பாலோர் ஓடிவிட்டார்கள். நகரில் மிஞ்சியவர்களில் பெரும்பகுதி, அதுவரை அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். நகரை ஏற்றுக்கொண்ட வடக்குப் படைப்பிரிவே கறுப்பினச் சிப்பாய்களின் பிரிவுதான்.

அந்த ஏப்ரலில் கறுப்பினத் தொழிலாளர்கள் 28 பேர் அந்தத் திடலுக்குப் போனார்கள். குழியிலிருந்த உடல்களை எடுத்து வரிசையாக, ஒழுங்காகப் புதைத்தார்கள். சுற்றிலும் உயரமான மரவேலி கட்டி வெள்ளையடித்தார்கள். நுழைவாயிலில் வளைவு அமைத்து, "ரேஸ் கோர்ஸ் தியாகிகள்" என்று எழுதி வைத்தார்கள். லிங்கன் சுடப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மே 1 காலையில், செய்தித்தாள் கணக்குப்படி, பத்தாயிரம் பேர் கூடினார்கள். முன்னால் புதிய பள்ளிகளில் சேர்ந்திருந்த கறுப்பினக் குழந்தைகள் மூவாயிரம் பேர், கை நிறைய ரோஜாக்களோடு, அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்தித் தூக்கிலேறிய ஜான் பிரவுனைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். பின்னால் கூடையில் பூவோடு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள், பிறகு படைவீரர்கள். கல்லறைகளின் மண் தெரியாத அளவுக்குப் பூ குவிந்தது. பாதிரிமார் வேதம் வாசித்தார்கள். அப்புறம் கூட்டம் திடலுக்குள் போய்ப் பேச்சு கேட்டது, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டது, படைப்பிரிவுகளின் அணிவகுப்பைப் பார்த்தது. அணிவகுத்தவர்களில் மாசசூசெட்ஸ் 54-ஆம் பிரிவும் இருந்தது. போர் வரலாற்றில் மிகப் பெயர்பெற்ற கறுப்பினப் படைப்பிரிவு அது.

இவ்வளவு விவரமாக என்னால் எழுத முடிவதற்குக் காரணம், அந்த வாரமே 'நியூயார்க் டிரிப்யூன்' செய்தியாளர் எழுதிவைத்துவிட்டார். சார்ல்ஸ்டன் நாளிதழிலும் செய்தி வந்தது. ஆகவே இது நடந்ததா என்பதில் சந்தேகமே வேண்டாம். சான்று எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது.

மறைத்துவிட்டார்கள் என்பது? அதில் உண்மை இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப் சொல்லும் விதத்தில் இல்லை. யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து ரகசியமாக முடிவெடுத்த கதை அல்ல இது. வடக்குப் படை தெற்கை விட்டு வெளியேறியபிறகு, 1870-களின் கடைசியில் பழைய முதலாளி வர்க்கம் ஆட்சியைத் திரும்பப் பிடித்தது. அந்த 257 உடல்கள் பியூஃபோர்ட் நகரிலுள்ள தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. வேலி போயிற்று, வளைவும் போயிற்று. அந்த இடம் பின்னால் பூங்காவானபோது அதற்கு ஹாம்ப்டன் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். வேட் ஹாம்ப்டன் தெற்குப் படையின் தளபதி, பிறகு அந்த மாநிலத்தின் ஆளுநர். 1916-ல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு பெண்கள் அமைப்பு, "கறுப்பின மக்கள் 1865-ல் இப்படி ஒரு சடங்கு நடத்தினார்களாமே, உண்மையா?" என்று சார்ல்ஸ்டனில் தெற்குச் சிப்பாய்களின் நினைவைப் பேணிவந்த மாதர் சங்கத்துக்குக் கடிதம் போட்டது. அதைப் பற்றி அதிகாரபூர்வத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை, வருந்துகிறேன் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் பத்தாயிரம் பேர் கூடிய நிகழ்ச்சி! பிறகு 1990-களில் டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் ஹார்வர்டு நூலகத்தில் முன்னாள் வடக்குப் படைவீரர்களின் காகிதக் கட்டுகளைப் புரட்டும்போது இதைப் பற்றிய குறிப்பு அகப்பட்டு, அதைப் பிடித்துக்கொண்டு பழைய செய்தித்தாள்களைத் தேடிப் போனார். இன்று அந்தப் பூங்காவில் இதற்கு நினைவுக் குறிப்பு இருக்கிறது.

இங்கேதான் நாம் பிரேக் போட வேண்டும். 1865 மே 1 அன்று நடந்ததைப் பார்த்து, அதைப் பின்பற்றி மற்றவர்கள் வருடா வருடம் செய்யத் தொடங்கினார்கள் என்பதற்கு இதுவரை ஆவணம் எதுவும் இல்லை. அந்த நாளையே முதல் மெமோரியல் டே என்று அழைக்கும் பிளைட்கூட, பின்னால் வந்த தேசிய அறிவிப்புக்கு அது தூண்டுதலாக இருந்தது என்று காட்டச் சான்று இல்லை என ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு ஆய்வாளரிடம் எனக்குப் பிடித்த குணம் இது. முன்னால் நடந்தது என்பதாலேயே பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. வாட்ஸ்அப் செய்திகள் தாண்டிக் குதிக்கும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் ஆவணத்தைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போனால் எங்கே போய்ச் சேர்கிறோம்? கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு. நான் நினைவில் வைக்கச் சொன்ன தெற்குப் பெண்கள் சங்கங்களுக்கு. 1866 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகர மாதர் சங்கத்தின் செயலாளர் மேரி ஆன் வில்லியம்ஸ், வருடத்தில் ஒரு நாளைக் குறித்துத் தெற்கு முழுவதும் சிப்பாய்களின் கல்லறைகளில் மலர் வைக்க வேண்டும் என்று செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். பல ஊர்ப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. குறித்த நாள் ஏப்ரல் 26. அதற்கு முந்தைய வருடம் அதே நாளில் தெற்கின் தளபதி ஜான்ஸ்டன் வடக்குத் தளபதி ஷெர்மனிடம் சரணடைந்திருந்தார். ஒரு ஊர் ஒரு முறை செய்தது என்பதைத் தாண்டி, "எல்லோரும், ஒரே நாளில், வருடந்தோறும்" என்ற யோசனை அச்சில் வந்தது இங்கேதான். அன்று தெற்கின் பல ஊர்களில் அது நடக்கவும் நடந்தது.

அதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 25 அன்று, மிசிசிப்பி மாநிலத்தில் இன்னொரு கொலம்பஸ். (ஆமாம், இரண்டு கொலம்பஸ். இந்தக் குழப்பத்தில் எத்தனையோ கட்டுரைகள் விழுந்திருக்கின்றன, உங்கள் மகளை எச்சரித்து வையுங்கள்.) ஷைலோ போரில் காயம்பட்டு அங்கே கொண்டுவரப்பட்டு இறந்தவர்கள் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருந்தார்கள். தம் பக்கத்துக் கல்லறைகளுக்குப் பூ வைக்க வந்த பெண்கள், பக்கத்தில் பூவின்றிக் கிடந்த எதிரிச் சிப்பாய்களின் கல்லறைகளிலும் வைத்துவிட்டுப் போனார்கள். வடக்குப் பத்திரிகைகள் இந்தச் செய்தியை நெகிழ்ந்து வெளியிட்டன. நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர் பிரான்சிஸ் மைல்ஸ் ஃபின்ச் இதை வைத்து எழுதிய கவிதை 1867-ல் வெளியாகி, பிறகு பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததாயிற்று.

இப்போது வடக்குக்கு. ஜான் லோகன், வடக்குப் படையில் தளபதியாக இருந்தவர், இல்லினாய்ஸ் அரசியல்வாதி. 1868-ல் 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர். அந்த வருடம் மே 5 அன்று 11-ஆம் எண் பொது ஆணை ஒன்றை வெளியிட்டார். மே 30 அன்று நாடெங்கும் உள்ள கிளைகள் இறந்த தோழர்களின் கல்லறைகளை மலர்களால் அலங்கரிக்க வேண்டும், உயிரோடு இருக்கும் கடைசி உறுப்பினர் வரை இதை வருடந்தோறும் தொடர வேண்டும் என்பது அதன் சாரம். 'டெக்கரேஷன் டே' (அலங்கரிக்கும் நாள்) என்ற மெமோரியல் டேயின் பழைய பெயரில் நாடு தழுவிய நாளாக இது நிலைபெற்றது இந்த ஆணையால்தான். அந்த முதல் வருடமே 27 மாநிலங்களில் 183 கல்லறைத் தோட்டங்களில் அது நடந்தது. தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய தேசியக் கல்லறைத் தோட்டமான ஆர்லிங்டனில் நடந்த கூட்டத்தில் ஐயாயிரம் பேர் இருபதாயிரம் கல்லறைகளுக்கு மலர் வைத்தார்கள். ஒஹாயோ மாநிலத்தின் காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு, பின்னால் ஜனாதிபதியானவர், உரையாற்றினார். கூட்டம் நடந்த அந்தத் தோட்ட மாளிகை தெற்குத் தளபதி ராபர்ட் லீயின் குடும்பத்துடையது. லீ இனி அந்த வீட்டுக்குத் திரும்பக் குடிவரவே கூடாது என்று, ராணுவத் தளவாட அதிகாரி மெய்க்ஸ் வீட்டை ஒட்டியே பிணங்களைப் புதைக்கச் சொன்னார் என்பது தனிக்கதை.

லோகனுக்கு இந்த யோசனை யார் சொன்னது? இங்கே சந்தேகத்துக்குரிய பகுதி தொடங்குகிறது. அவர் மனைவி மேரி லோகன், 1868 மார்ச்சில் தான் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் போயிருந்ததாகவும், அங்கே தெற்குச் சிப்பாய்களின் கல்லறைகளில் வாடிய மலர்களையும் சிறு கொடிகளையும் பார்த்துவிட்டு வந்து கணவரிடம் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். அழகான கதை, நடந்தும் இருக்கலாம். ஆனால் அந்த நினைவுக்குறிப்பு அச்சானது 1913-ல். ஆணையை லோகன் சார்பில் வெளியிட்ட சங்க நிர்வாகி நார்ட்டன் சிப்மனுக்கு ஒரு முன்னாள் சிப்பாய், தன் சொந்த நாடான ஜெர்மனியில் வசந்த காலத்தில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் வழக்கத்தைப் பற்றிக் கடிதம் எழுதினார், அதிலிருந்துதான் வந்தது என்பது இன்னொரு கதை. லோகனே 1866 ஏப்ரல் 29 அன்று இல்லினாய்ஸின் கார்பண்டேல் ஊரில் நடந்த இப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சியில் பேச்சாளராக இருந்திருக்கிறார். தெற்கில் நடப்பது பத்திரிகை வழியாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆக, ஒரு தனி மனிதரைத் தேடுவது வீண் என்பது என் கருத்து. தெற்குப் பெண்கள் தொடங்கிய வழக்கத்தை வடக்குப் படைவீரர் சங்கம் எடுத்துக்கொண்டது என்பது வரைக்கும் தைரியமாகச் சொல்லலாம். மே 30 ஏன் என்பதற்கும் இரண்டு விளக்கம் சொல்வார்கள். எந்தப் பெரிய போரின் ஆண்டுநாளும் அல்ல என்பதால் என்பார்கள் சிலர். அந்தச் சமயத்தில் குளிர் மாநிலங்களிலும் பூ பூத்திருக்கும் என்பார்கள் வேறு சிலர். ஆணையில் இரண்டுமே இல்லை. பூ விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. மெய்ன் மாநிலத்தில் ஏப்ரலில் பூவுக்கு எங்கே போவது?

அந்த ஆணையில் ஒரு விஷயத்தை வேகமாகப் படிப்பவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். அது "அண்மைக் கலகத்தின்போது நாட்டைக் காத்து இறந்தவர்கள்" என்று சொல்கிறது. அதாவது வடக்குச் சிப்பாய்கள் மட்டும். எதிர்த் தரப்பு செய்தது கலகம். இன்று எல்லாருக்கும் பொதுவான நாளாகத் தெரிகிற ஒன்று, பிறந்தபோது ஒரு தரப்பின் நாள். தெற்கு மாநிலங்கள் பல வருடம் இதைச் சீண்டவே இல்லை. தங்களுக்கென்று தனி நாள் வைத்துக்கொண்டன. ஜார்ஜியாவில் ஏப்ரல் 26, கரோலினா மாநிலங்களில் மே 10. அலபாமா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் அது இன்னும் அரசு விடுமுறை. ஜார்ஜியா மட்டும் 2015-ல் பெயரை எடுத்துவிட்டு வெறுமனே "மாநில விடுமுறை" என்று காலண்டரில் போட்டுக்கொண்டது.

பின்னால் வந்த முப்பது வருடத்தில் இந்த இரண்டு நாட்களும் மெல்ல நெருங்கின. இரு பக்கமும் வீரர்கள்தான், இரு பக்கமும் இழப்புதான் என்ற பேச்சு வளர்ந்தது. கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் போர் எதற்காக நடந்தது என்பதைப் பேசாமல் இருந்தால்தான் அந்தச் சமரசம் சாத்தியம், எதற்காக என்றால் அடிமை முறைக்காக. இதைக் கண்டுகொண்டு முதலிலேயே சத்தம் போட்டவர் ஃபிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து, அந்த நூற்றாண்டின் மாபெரும் பேச்சாளராக ஆனவர். 1871 மே 30 அன்று ஆர்லிங்டனில், பெயர் தெரியாத சிப்பாய்களின் நினைவிடத்தருகே நின்று, நாட்டைக் காப்பாற்றப் போராடியவனையும் அழிக்கப் போராடியவனையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்கிறார்கள், நான் மாட்டேன் என்ற பொருளில் பேசினார். ஏழு வருடம் கழித்து நியூயார்க்கில் இதே நாளில், அந்தப் போரில் சரியான பக்கம் என்று ஒன்றும் தவறான பக்கம் என்று ஒன்றும் இருந்தன என்றார். யார் கேட்டார்கள்? 1900-ல் ஆர்லிங்டனிலேயே தெற்குச் சிப்பாய்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது, 1914-ல் அதன் நடுவே பெரிய நினைவுச்சின்னம் எழுந்தது. அந்தச் சின்னம் 2023 டிசம்பரில்தான் அகற்றப்பட்டது. கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. சார்ல்ஸ்டன் மறக்கப்பட்டதும் இந்தக் காற்றில்தான். இரு தரப்பையும் சேர்த்துவைக்கும் கதையில் கறுப்பினக் குழந்தைகள் மூவாயிரம் பேருக்கு இடமில்லாமல் போனது.

ஆர்லிங்டனுக்குக் குடும்பத்தோடு போனீர்களானால் கென்னடி சமாதியையும் காவலர் மாறும் சடங்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 27-ஆம் பகுதி என்று கேட்டுக்கொண்டு போங்கள், கூட்டமே இருக்காது. 1864 மே 13 அன்று அங்கே முதலில் புதைக்கப்பட்ட சிப்பாய் வில்லியம் கிறிஸ்ட்மனின் கல் அங்கேதான் இருக்கிறது. பக்கத்து வரிசைகளில் சிறிய வெள்ளைக் கற்கள். சிலவற்றில் பெயருக்குக் கீழே யு.எஸ்.சி.டி. என்ற நான்கு எழுத்துகள், கறுப்பினப் படைப்பிரிவு என்பதற்கு. இன்னும் சிலவற்றில் "குடிமகன்" என்று மட்டும். தெற்கிலிருந்து தப்பி வந்து, தலைநகரை ஒட்டிய முகாம்களில் இறந்தவர்கள் அவர்கள். வாழ்நாளெல்லாம் ஒருவரின் சொத்தாக இருந்தவருக்குக் கல்லறைக் கல்லில் அந்தச் சொல்லைப் பொறித்திருக்கிறார்கள். தெற்குச் சிப்பாய்களின் பகுதியில் கற்களின் உச்சி கூராக இருக்கும். மற்ற இடங்களில் வளைவாக.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1873-ல் நியூயார்க் மாநிலம் முதலில் சட்டபூர்வ விடுமுறை ஆக்கியது. 1890-க்குள் வடக்கு மாநிலங்கள் அனைத்தும். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் எல்லாப் போர்களிலும் இறந்தவர்களுக்குமான நாளாக அது விரிந்தது. அப்போதுதான் தெற்கும் உள்ளே வந்தது. சட்டையில் குத்தும் சிவப்பு பாப்பிப் பூவும் அந்தப் போரின் வரவு. நீங்கள் துணைக்கேள்வியாகக் கேட்ட "தேதி ஏன் வருடத்துக்கு வருடம் மாறுகிறது" என்பதற்கு, 1968-ல் காங்கிரஸ் நிறைவேற்றிய திங்கட்கிழமை விடுமுறைச் சட்டம்தான் காரணம். மூன்று நாள் தொடர் விடுமுறை கிடைத்தால் மக்கள் ஊர் சுற்றுவார்கள், கடைகளுக்கும் நல்லது என்பதுதான் நோக்கம், அதை ஒளிக்கவும் இல்லை. 1971 முதல் மே 30 போய் மே மாதக் கடைசித் திங்கள் வந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் வலது கையை இழந்த ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே, பழையபடி மே 30-க்கே மாற்ற வேண்டும் என்று 2012-ல் இறக்கும் வரை பல வருடம் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார். ஒரு முறையும் தேறவில்லை. இதே சட்டம் நவம்பர் 11-ல் இருந்த முன்னாள் படைவீரர் நாளான வெட்டரன்ஸ் டேயையும் அக்டோபருக்குத் தள்ளியது. அதை மட்டும் எதிர்ப்புக்குப் பணிந்து 1978-ல் பழைய தேதிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கோடைகாலத்தின் வாசலில் நிற்கும் தொடர் விடுமுறையை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது, நவம்பர் நடுக் குளிரில் அந்தப் பிரச்சினை இல்லை என்பது என் ஊகம்.

அலுவலகத்தில் "ஹேப்பி மெமோரியல் டே" சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பலர் சொல்கிறார்கள், பெரும்பாலோர் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் போரில் மகனையோ கணவரையோ இழந்த வீட்டில் அதைச் சொல்லாதீர்கள். வெட்டரன்ஸ் டே, ராணுவத்தில் பணியாற்றிய எல்லோருக்கும். மெமோரியல் டே இறந்தவர்களுக்கு மட்டும். ஆகவே உயிரோடு இருக்கும் முன்னாள் படைவீரரிடம் அன்றைக்குப் போய் "உங்கள் சேவைக்கு நன்றி" என்றால் சிலர் சங்கடப்படுவார்கள். "நல்ல வார இறுதி" என்று வாழ்த்துவது பாதுகாப்பு. அன்று கொடி மதியம் வரை அரைக்கம்பத்தில் இருக்கும், பிறகு உச்சிக்கு ஏற்றுவார்கள். மாலை மூன்று மணிக்கு ஒரு நிமிட மௌனம் என்று 2000-ல் ஒரு சட்டமே போட்டார்கள். பார்பிக்யூ அடுப்பருகே அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

கடைசியாக உங்கள் மகளின் பள்ளித் தாள். வாட்டர்லூவில் 1866 மே 5 அன்று ஊரே கடையடைத்துக் கல்லறைகளுக்குப் போனது என்பது அந்த ஊரின் வாதம். நூற்றாண்டு விழாவை ஒட்டி 1966-ல் காங்கிரஸ் தீர்மானம் போட்டது, ஜனாதிபதி ஜான்சன் பிரகடனம் வெளியிட்டார், அதிலிருந்து அது பாடப்புத்தகங்களுக்குள் போய்விட்டது. ஆனால் பின்னால் தேடிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு 1866-ன் செய்தித்தாள்களில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. லோகன் ஆணைக்குப் பிறகு 1868-ல் நடந்ததைத்தான் இரண்டு வருடம் முன்தள்ளிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இதற்காக ஆசிரியையோடு சண்டை போட வேண்டாம். "மெமோரியல் டே வாட்டர்லூவில் பிறந்தது" என்று எழுதுவதற்குப் பதில், "மெமோரியல் டே பிறந்த ஊர் என்று 1966-ல் அமெரிக்க அரசு வாட்டர்லூவை அங்கீகரித்தது" என்று எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணும் குறையாது, சொன்னதும் உண்மையாக இருக்கும். அடுத்த வரியிலேயே 1865 மே 1 சார்ல்ஸ்டனைச் சேர்த்துவிடலாம். பள்ளி நூலகத் தரவுத்தளத்தில் பழைய 'நியூயார்க் டிரிப்யூன்' இதழ்கள் இருந்தால், அந்த மே மாதத்துப் பக்கங்களை அவளே தேடிப் பார்க்கட்டும்.